காய்ச்சலுக்குக் கூலி

1

சென்ற பிப்ரவரியில் எனக்கு மார்புச்சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தது ஒரு செய்தியில்லை. காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாட்களுக்கு எனக்குப் பணம் வந்தது, அதுதான் செய்தி. தொழிற்சாலை முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததில்லை. சட்டப்படி, அரசாங்கத்தின் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்தது. பிறகு ஒரு நாள் அந்தப் பணம் நின்றுபோயிற்று. அது நின்றதற்குக் காரணம் நானேதான். நான் செய்த காரியம் இங்கே இருப்பவர்கள் யாருக்கும் விளங்கவில்லை. தேனி, கம்பம் பக்கம் கூலி வேலைக்குப் போனவர்களுக்கு உடனே விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ராயப்பன்பட்டிக்காரன். பெயர் மரியதாஸ். தேனியில் ஒரு பருத்தி அரவை மில்லில் பிட்டர் வேலை பழகினேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சர்க்கார் செலவில் தொழிற்பயிற்சிக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினேன். கூட வந்தவர்கள் பயிற்சி முடிந்து ஊர் திரும்பினார்கள். நான் மாதா கோயில் பூசையில் பார்த்த ஓர் அயர்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் புகைபோக்கிகள் நிறைந்த ஒரு சிறிய ஊரில் தங்கிவிட்டேன். மனைவி பெயர் நோரா. மகள் தெரசாவுக்கு நாலாவது வயது நடக்கிறது.

டாக்டர் வந்து பார்த்தார். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நோரா அதை இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்த்துவிட்டு வந்து, "சிக் விசிட்டர் வருவார்" என்றாள். சிக் என்றால் நோய். விசிட்டர் என்றால் விருந்தாளி. நோயாளியான ஒரு விருந்தாளி எதற்காக நம் வீட்டுக்கு வருகிறார், அவரை எங்கே படுக்க வைப்பது என்று நான் காய்ச்சல் மயக்கத்தில் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. ஏழு வருஷமாக இந்த மொழியில் வேலை செய்கிறேன். இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் இங்கிலீஷ் பெயர் தெரியும். ஆனால் இந்த மாதிரி இரண்டு சின்ன வார்த்தைகள் சேர்ந்து வந்தால் கால் இடறிவிடுகிறது.

இரண்டொரு நாள் கழித்து ஒரு முற்பகல். நோரா ரேஷன் கறிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். தெரசா கீழே பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வாசற்கதவு தட்டப்பட்டது. நான் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தொப்பி வைத்த ஒரு மனிதர் நின்றிருந்தார். கையில் தோல் பையும் காகிதங்களும். வீட்டு எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நோய் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: நோயாளியாக வருகிறவர் இல்லை இவர், நோயாளியைப் பார்க்க வருகிறவர். ஆபீஸ் ஆள், வேலைக்கு வராதவன் வீட்டைத் தேடி வந்திருக்கிறார். நம் ஊர்க் கணக்கில் மேஸ்திரி.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கால்சராயை மாட்டிக்கொண்டு, கோட்டைப் போட்டு, தலையை வாரி, படியிறங்கிப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே கரி கொட்டிவைக்கும் சிறிய அறை உண்டு. மண்வாரியை எடுத்து வாளியில் கரியை அள்ளிப் போட ஆரம்பித்தேன். தெரசா கதவைத் திறந்து அவரை நேரே என்னிடம் அழைத்து வந்துவிட்டாள்.

"மிஸ்டர் தாஸ்? எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். பெயர் பெல் என்று சொன்னார்.

"மிக நன்றாக இருக்கிறேன், ஐயா. ஒரு குறையும் இல்லை."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. எப்போதும் படுத்தே இருக்கிறார். நிறைய இருமுகிறார்" என்றாள் தெரசா, அவளுடைய சுத்தமான இங்கிலீஷில்.

"சும்மா இரு தாயி" என்றேன் நான் தமிழில். அவளுக்குத் தமிழில் ஏழெட்டு வார்த்தைகள்தான் தெரியும். 'சும்மா' அதில் இல்லை. அவள் மறுபடியும் அதையே இன்னும் விளக்கமாகச் சொன்னாள்.

பெல் என்னையும் குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்படியானால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பிவிடுவீர்களா?"

"இன்றைக்கே போவேன், ஐயா."

அவர் எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். போய்விட்டார். நான் கரிவாளியோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். நோரா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கும்வரை எழவில்லை.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. நான் வீட்டு வேலை செய்துகொண்டிருந்ததை அதிகாரி பார்த்ததாகவும், பூரண சுகம் என்று நானே சொன்னதாகவும், ஆகவே உதவிப்பணம் நிறுத்தப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். அப்போதும் என்னால் படியேற முடியவில்லை.

"அவர் நீ படுத்திருக்கிறாயா என்று பார்க்கத்தான் வந்தார், தாஸ். நீ படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!" என்றாள் நோரா. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"படுத்திருந்தால் வேலை போய்விடுமே."

"யார் சொன்னது?"

2

எனக்கு அதைச் சொன்னது தேனி.

எனக்கு ஒரே அக்கா. பெயர் ஆரோக்கியம். எங்கள் அப்பா ஏலமலைக்கு வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு இறங்கி வந்து இறந்தவர். அக்காவைக் கட்டின அத்தானும் கல்யாணமான மறு வருஷமே அதே மலையில், அதே காய்ச்சலில் போனார். அதற்குப் பிறகு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு வந்தாள். பருத்தி வரத்துக் காலத்தில் அரவை மில்லில் அவளுக்கு வேலை. நான் அதே மில்லில் பிட்டருக்குக் கையாளாக இருந்தேன். இது போடிக்கு ரயில் வந்த பிறகு, சண்டைக்கு முன்பு.

அந்த மில்லைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான ஒரு கொட்டகை. இரண்டு பக்கமும் ஜின் இயந்திரங்கள். ஒவ்வொரு ஜின்னுக்கு முன்னாலும் ஒரு பெண் நின்று, விதையோடு வரும் பருத்தியைக் கைகையாக ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தோல் உருளை பஞ்சை இழுத்துக்கொள்ளும். கத்தி விதையைத் தட்டிக் கீழே தள்ளும். மூச்சு விட்டால் மூக்கில் பஞ்சு. வேலைக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் வராவிட்டால் உன் ஜின்னுக்கு முன்னால் வேறொருத்தி நிற்பாள்; அவள் நின்றுவிட்டால் அந்தச் சீசனுக்கு அது அவள் இடம். மில் வாசலில் தினமும் பத்துப் பதினைந்து பெண்கள் அதற்காகவே காத்து உட்கார்ந்திருப்பார்கள்.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நம் பக்கத்தில் குளிர்காய்ச்சல் தெரியாத வீடு ஏது? தபாலாபீசில் கொய்னா மருந்துப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் எழ முடியாமல் படுத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே சுப்பையா மேஸ்திரி நாங்கள் குடியிருந்த அறையைத் தேடி வந்துவிட்டார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே பார்த்து நான் ஓடிவந்து சொன்னேன். அக்கா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். கொண்டையை முடிந்தாள். உரலில் கம்பைக் கொட்டி உலக்கையை எடுத்துக் குத்தத் தொடங்கினாள்.

"என்னத்தா ஆரோக்கியம், காச்சல்னு சொன்னாக?"

"ஆரு சொன்னாக? வீட்டுல குத்துன கம்பு இல்லாமப் போச்சு மேஸ்திரி, அதான் ஒருநா நின்னுட்டேன். காலையில வந்துருவேன்."

"கண்ணு ரெண்டும் செவந்திருக்கு."

"அடுப்புப் பொகை."

அடுப்பு எரியவே இல்லை. மேஸ்திரி அதையும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. "சரித்தா, வந்துரு. வாசல்ல ஆளுக நிக்குதுக. மானேசரையா கேட்டா நா ஒண்ணுஞ் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் உலக்கை அக்காவின் கையிலிருந்து நழுவியது. அவளைத் தூக்கித்தான் பாயில் கிடத்தினேன்.

மறுநாள் போனாள். நான் போகவேண்டாம் என்றேன். "எடம் போச்சுன்னா ரெண்டு பேரும் ராயப்பன்பட்டிக்கு நடக்க வேண்டியதுதான்" என்றாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால், நான் கொட்டகையின் மறுகோடியில் ஒரு பெல்ட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, பெண்களின் கூச்சல் கேட்டது. ஓடிவந்து அக்காவின் ஜின்னுக்குப் போகும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினேன். காய்ச்சல் மயக்கத்தில் அவள் முன்னால் சாய்ந்திருக்கிறாள். பருத்தியோடு கையும் போய்விட்டது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேதான் அவளுக்கு வேளாவேளைக்கு மருந்தும் கஞ்சியும், படுக்க ஒரு கட்டிலும் கிடைத்தன. கைப்புண் ஆறுவதற்கு முன்னாலேயே காய்ச்சல் தணிந்துவிட்டது.

3

இயந்திரத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று அப்போதே சட்டம் இருந்தது. மேஸ்திரிதான் அதை என் காதில் ஓதினார். தான் சொன்னதாக வெளியில் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். விசாரணைக்காக அக்காவும் நானும் மதுரைக்குப் போனோம். அதிகாரி பொறுமையான மனிதர். காய்ச்சலோடு ஏன் இயந்திரத்துக்கு முன்னால் நின்றாய் என்று கேட்டார்.

"நிக்காட்டி எடம் போயிரும்ல சாமி" என்றாள் அக்கா.

அவர் தலையசைத்துக்கொண்டார். விரல்களுக்கு உரிய தொகையைக் கொடுக்கும்படி உத்தரவானது. மில்லும் தகராறு செய்யாமல் கட்டிவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. விரல் போன கையை மடியில் வைத்திருந்தவள், திடீரென்று கேட்டாள்:

"ஏலே தாசு. கையிக்குச் சட்டம் இருக்கு. காச்சலுக்கு ஏன் இல்ல?"

"கைய மிசின் எடுத்துச்சு. மிசின் முதலாளியோடது. அதனால அவுக குடுக்கணும். காச்சல் மில்லுலருந்து வரலைல?"

"அப்ப அது எங்கருந்து வருது?"

"கொசுவுலருந்துன்னு சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னாக."

"கொசு எங்கருந்து வருது?"

"தேங்குன தண்ணியிலருந்து."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மில்லுக்குப் பின்னால இஞ்சினுக்குத் தண்ணி தேக்கி வச்சிருக்காகளே, அந்தக் குட்டை ஆரோடது?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தேனி ஸ்டேஷன் வரும்வரை இன்னும் பல கேள்விகள் கேட்டாள். காய்ச்சலில் படுத்தவளுக்குக் கூலி கொடுத்தால் மில்லுக்கு என்ன நஷ்டம்? கொடுக்காமல் விட்டதில் என்ன லாபம்? இரண்டு விரலுக்குக் கட்டின பணத்தில் எத்தனை பெண்கள் படுத்து எழுந்திருக்கலாம்? அந்தக் கேள்விகள் என்னையும் பிடித்துக்கொண்டன. கப்பலேறின பிறகும் விடவில்லை.

4

இங்கே வந்த புதிதில் தொழிற்சாலையில் நான் பார்த்த முதல் காரியம், வாரக்கூலியில் சில்லறையாகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அதற்கு ஓர் அட்டையில் தபால்தலை போன்ற ஒரு தலையை ஒட்டிவிடுவது. கோபமாக வந்தது. என் கூலியில் எதற்குக் கை வைக்கிறார்கள்? பக்கத்து லேத்தில் நின்ற கிழவர்தான் சொன்னார்: "உனக்குக் காய்ச்சல் வரும்போது தெரியும்." முதலாளியும் அதே தலைக்குத் தன் பங்கைக் கட்டுகிறார். அரசாங்கமும் சேர்க்கிறது. சென்ற ஆண்டு ஜூலையிலிருந்து அதை விரிவாக்கி, வேலை செய்கிற கிட்டத்தட்ட எல்லாரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை, கடைச்சிப்பந்தி, கொத்தன், பஸ் கண்டக்டர், யாராக இருந்தாலும் டாக்டர் சீட்டு கொடுத்தால் படுத்திருக்கும் வாரத்துக்குப் பணம். பெண்டாட்டி பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. முழுக் கூலி இல்லை. அடுப்பு எரியும் அளவுக்கு.

எல்லாரும் இதைக் கொண்டாடுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். எங்கள் தொழிற்சாலையில் ஒருவன், "இனி எல்லாச் சோம்பேறிக்கும் திங்கட்கிழமை தலைவலி வரும்" என்று பொருமுகிறான். அவனே சென்ற மாதம் முதுகுப் பிடிப்பில் படுத்துப் பணம் வாங்கினான். அதைப்பற்றிக் கேட்டால், "எனக்கு உண்மையிலேயே வலி" என்கிறான். மற்றவர் வலியெல்லாம் பொய் என்று தோன்றுவது இந்த நாட்டிலும் இருக்கிறது.

தெரசாவுக்கு இது எதுவும் அதிசயமில்லை. உடம்பு சரியில்லாவிட்டால் அப்பா படுப்பார், டாக்டர் வருவார், அவ்வளவுதான். அன்று ஏன் பொய் சொன்னாய் என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு அக்காவின் கதையைச் சொல்லப் பார்த்தேன். மேஸ்திரி என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? 'போர்மேன்' என்றேன். அவளுக்குத் தெரிந்த போர்மேன் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு மிட்டாய் கொடுத்தவர். "அவர் ஏன் அத்தையைப் படுக்கவிடவில்லை?" என்று கேட்டாள். மகளுக்கும் எனக்கும் நடுவே தமிழ் மட்டும்தான் குறைகிறது என்று நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. அவளுக்குப் பயப்படத் தெரியாத ஒன்றுக்கு நான் பயந்து வளர்ந்திருக்கிறேன். இதில் வருந்த என்ன இருக்கிறது? என்றாலும் அன்று முழுவதும் ஏதோ ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

5

உதவிப்பணத்தை நிறுத்தினால் முறையிட ஒரு வழி இருக்கிறது என்று நோரா கண்டுபிடித்தாள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆபீஸ் ஒன்று சொன்ன பிறகு வேறு ஆபீஸ் அதை மாற்றுமா? "கேட்டால் என்ன கெட்டுப்போகும்?" என்று அவளே எழுதிப் போட்டுவிட்டாள்.

விசாரணை நடந்தது நூல் நிலையத்துக்கு மேலே ஓர் அறையில். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வக்கீல். ஒரு பக்கம் முதலாளிகள் சார்பில் ஒருவர், மறுபக்கம் தொழிற்சங்கக்காரர் ஒருவர். பெல்லும் ஓரத்தில் இருந்தார்.

"நீங்கள் பூரண சுகம் என்று அதிகாரியிடம் சொன்னீர்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"சொன்னேன், ஐயா."

"அது உண்மையா?"

"இல்லை. பொய்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நோய் இருப்பதாகப் பொய் சொன்னார்கள் என்ற சந்தேகத்தில்தான் ஆட்கள் இந்த அறைக்கு வருவார்கள். சுகமாக இருப்பதாகப் பொய் சொன்னவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எதற்காகச் சொன்னீர்கள்?"

என் இங்கிலீஷ் அவ்வளவு நீளமான கதையைத் தாங்குமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன். மில்லைச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களைச் சொன்னேன். அக்கா கம்பு குத்தியதையும், ரயிலில் அவள் கேட்ட கேள்விகளையும் சொன்னேன். கம்புக்கு இங்கிலீஷ் வார்த்தை கிடைக்காமல் கையால் குத்திக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பெல் எழுந்து நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "அவர் அள்ளிய கரியில் பாதி வாளிக்கு வெளியே விழுந்தது. நான் அதை எழுதியிருக்கவேண்டும். குழந்தை சொன்னதையும் எழுதவில்லை" என்றார்.

தொழிற்சங்கக்காரர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "உங்கள் அக்கா பிறகு என்ன செய்தார்?" என்பது.

அதையும் சொன்னேன். விரல் போன பிறகு அக்காவுக்கு நிலையாக ஒரு ஜின் கிடைக்கவில்லை. அவளும் வாசலில் காத்திருக்கும் பெண்களில் ஒருத்தியாகிவிட்டாள். ஆனால் அவள் சும்மா உட்காரவில்லை. உள்ளே வேலை செய்யும் பெண்களிடம் ஓர் ஏற்பாடு பேசினாள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் இடத்தில் அக்கா நிற்பாள். கூலியில் பாதி அக்காவுக்கு, பாதி படுத்திருப்பவளுக்கு. அவள் எழுந்து வந்ததும் அக்கா விலகிக்கொள்வாள், இடம் அவளுடையதே. மேஸ்திரியிடமும் போய் நின்றாள்.

"புதுசா ஒருத்தி வந்தா ரெண்டு நாளைக்குப் பருத்தி வீணாப்போகும். நா பழகுன கை. எட்டு வெரலும் ஒழுங்கா வேல செய்யும். என்ன சொல்றிக மேஸ்திரி?"

மேஸ்திரி சம்மதித்தார். சில சீசன்கள் அது நடந்தது. ஒரு பெண்ணும் காய்ச்சலோடு ஜின்னுக்கு முன்னால் நிற்கவில்லை. சண்டைக் காலத்தில் மில் கைமாறியது. புது மானேஜர், பேர் பதிந்தவளைத் தவிர வேறு ஆள் உள்ளே நிற்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அக்காவுக்கு மட்டும் பஞ்சு தரம் பிரிக்கும் இடத்தில் ஒரு வேலை கொடுத்தார்.

மூவரும் தலை சேர்த்துப் பேசினார்கள். டாக்டர் சீட்டு ஒழுங்காக இருப்பதால், நின்ற வாரங்களுக்கும் பணம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. வெளியே வந்ததும் நோரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த உலக்கையை எனக்கு நீ சொன்னதே இல்லையே" என்றாள்.

6

இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் டில்லியில் நிறைவேறியிருக்கிறது என்று, லண்டனிலிருக்கும் ஒரு நண்பர் அனுப்பிய பத்திரிகையில் படித்தேன். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு நோய்க்காலத்தில் பணம். சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேனிக் கோயில் பள்ளிக்கூட வாத்தியார், அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புகிறவர். பதில் வந்தது.

"ஏலே தாசு, நீ எழுதுனத வாத்தியார் வாசிச்சாக. நா மில்லுல மானேசரையாகிட்டக் கேட்டேன். அந்தச் சட்டம் வருசம் பூராம் ஓடுற மில்லுக்குத்தானாம். நம்ம மில்லு சீசன் மில்லாம், பருத்தி வரத்து நின்னா சாத்திருவாகள்ல, அதனால நம்மளச் சேத்துக்கிறலையாம். வேல சீசனுக்குத்தான், சரி. காச்சலும் அந்தச் சீசன்லதானப்பா வருது? அங்கன அறுப்புக்கு மட்டும் வேலைக்குப் போற ஆளுக இருப்பாகள்ல? அவுகளுக்குக் காச்சல் வந்தா அங்கன என்ன செய்யிறாக? வெவரமாக் கேட்டு எழுது. தெரசாவுக்கு முத்தம்."

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள்.

"அட்டையைக் கொடுங்கள்" என்றாள்.

"எனக்கு இல்லை. என் அக்காவுக்காகக் கேட்கவேண்டும்."

"அவர் எங்கே வேலை செய்கிறார்?"

"தேனியில்."

"அது எந்த வட்டத்தில் வருகிறது?"

"இந்தியாவில்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிக்கவேண்டும், அவருக்கு நாங்கள் பணம் கொடுக்கமுடியாது" என்று மிகவும் மென்மையாகச் சொன்னாள், பைத்தியக்காரனிடம் சொல்வதுபோல.

"பணம் வேண்டாம். பதில்தான் வேண்டும். வருஷத்தில் சில மாதம் மட்டும் வேலை இருக்கிறவனுக்கு, அந்த மாதங்களில் நோய் வந்தால் உங்கள் சட்டம் என்ன சொல்கிறது?"

எனக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் நின்றிருந்தார். சேற்று பூட்ஸ் போட்ட அயர்லாந்துக்காரர். "அதை எனக்கும் சேர்த்துச் சொல்லம்மா. நான் உருளைக்கிழங்கு தோண்ட வருகிறவன். எத்தனையோ வருஷமாக வருகிறேன். இதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார்.

அவள் உள்ளே போய் ஒரு வயதான குமாஸ்தாவை அழைத்து வந்தாள். அவர் விதிப் புத்தகத்தை ஜன்னல் கட்டையில் விரித்து வைத்து விரலை ஓட்டினார். வேலை செய்யும் வாரத்துக்கு அட்டையில் தலை ஒட்டப்படும். வேலை இல்லாத மாதங்களில், வேலை தேடுவதாக ஆபீசில் பதிந்துகொண்டால் அந்த வாரங்களும் கணக்கில் ஏறும். கணக்கு சரியாக இருந்தால், சீசனில் நோய் வந்தாலும் பணம் உண்டு. அயர்லாந்துக்காரர் "பதிந்துகொள்ளவேண்டுமா? ஒருவரும் சொல்லவில்லையே" என்று அங்கேயே பதிவு செய்துகொள்ள வழி கேட்டார்.

"இது முதலிலிருந்தே இப்படியா?" என்று நான் குமாஸ்தாவைக் கேட்டேன்.

"இல்லை. முதல் சட்டம் வந்தபோது நான் இளைஞன். நிறையப் பேர் அதில் விடுபட்டுப் போனார்கள். என் அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவள். அவளும் விடுபட்டாள். ஒவ்வொரு தரப்பாகச் சேர்த்து இன்றைய நிலைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று" என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, "உங்கள் அக்கா என்ன மில்லில் வேலை செய்கிறார்?" என்று கேட்டார். வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆனாலும் பருத்தி அரைப்பது எப்படி என்று முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னை விட்டார்.

7

எல்லாவற்றையும் அக்காவுக்கு எழுதினேன். அந்த வயதான குமாஸ்தாவைப் பற்றியும், அவர் அம்மாவைப் பற்றியும்கூட எழுதினேன். பல மாதம் பதில் இல்லை. பருத்திச் சீசன் தொடங்கும் காலம் என்பதால் வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் வந்தது, வாத்தியாருடைய மணிமணியான கையெழுத்தில்.

"ஏலே தாசு, நல்லாருக்கியா? நீ எழுதுனத மில்லுப் பொம்பளைக எல்லாருக்கும் வாசிக்கச் சொன்னேன். சீசன் தொறந்த அன்னைக்கு நாங்க ஒருத்தரும் உள்ள போகல. வாசல்ல காத்திருக்கிற பொம்பளைககிட்டயும் முன்னாலயே பேசிவச்சிட்டோம், நாளைக்கு ஒங்களுக்குந்தான் காச்சல் வரும்னு. அவுகளும் எந்திரிக்கல. மானேசரையா ரொம்பக் கோவப்பட்டாக. பொறகு பருத்தி வண்டிக வரிசையா வந்து நின்னுருச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டாக. காச்சல்ல படுத்தவ எடத்த அவ வாரவரைக்கும் ஆருக்கும் குடுக்கமாட்டாக. மாத்து ஆளு நிக்கலாம். கூலி குடுக்க மட்டும் சட்டம் இல்லைன்னுட்டாக.

"சட்டம்தான இல்ல, கேப்போம்னு வாத்தியாரை வச்சு மதராசுக்கு ஒரு மனு எழுதுனோம். சீசன் மில்லையும் சேத்துக்கிறணும்னு. பொம்பளைக எல்லாரும் கைநாட்டு வச்சோம். நா இடது கையில வச்சேன், பெருவெரலு இருக்குல்ல. அதுக்கு சர்க்காருலருந்து பதில் வந்துருச்சு. ‘தங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது’ன்னு போட்டிருக்காக. அர்த்தம் கேட்டேன், யோசிக்கிறாகன்னு வாத்தியார் சொன்னாக. வேணாம்னு சொல்லலைல, அது போதும். அந்தப் பெரியவருகிட்ட மறுபடி போனியன்னா இன்னொண்ணு கேட்டு எழுது. பரிசீலனைன்னா எத்தன சீசன்?"